எங்கே இல்லை என்று கேட்டவர்

நான் அந்த வீட்டுக்குக் குடிபோன முதல் ஜூலையிலேயே என் அறைச் சுவர் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஊட்டி மழைக்கு இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் போய்விட்டார். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து வைத்துக்கொண்டு, எந்த மூலையிலிருந்து தேய்க்க ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். பக்கத்து அறையில் குடியிருந்த அக்கா காபி டம்ளரோடு வந்து வாசலில் சாய்ந்துகொண்டார். சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எங்க இல்ல?" என்றார்.

"என்னங்கக்கா?"

"இருக்கறதுதான் கண்ணுக்குத் தெரியுதே. எங்க இல்லன்னு பாரு, கண்ணு."

பார்த்தேன். வடக்கு மூலையில் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு இருந்தது போலப் பளிச்சென்று இருந்தது. அக்கா போய் அங்கே உள்ளங்கையை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வர்க்கி சுடுகிற பேக்கரி. அவர்களுடைய அடுப்பின் முதுகு எங்கள் சுவரில் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என் கட்டிலை இழுத்து அந்த மூலையில் போட்டோம். அந்த மழைக்காலம் முழுக்க ஊரே நடுங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் வர்க்கி வாசனையில் சுகமாகத் தூங்கினேன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தார். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். நான் கோபிக்காரி, சிலோனிலிருந்து ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்களுக்காகக் கோத்தகிரி ரோட்டில் கட்டிய காலனி ஒன்றில், சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குட்டையான உருவம். கறுப்பு ஸ்வெட்டர் ஒன்றை வருஷம் முழுக்கப் போட்டிருப்பார். கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடிச் சில்லுகள் எப்போதும் பையில் இருக்கும். அதனால் மார்க்கெட்டில் அவருக்குக் கண்ணாடி டீச்சர் என்று பெயர்.

அந்தக் கேள்வியை அவர் எதற்கும் கேட்பார். கடையில் அவரைக்காயில் பூச்சி இருந்தால், எந்தக் கூடையில் இல்லை என்று கேட்பார். வகுப்பில் பையன்கள் கணக்கில் தப்பு விட்டால், எந்த வரிவரைக்கும் தப்பு இல்லை என்று கேட்பார். ஒரு தடவை பொள்ளாச்சியிலிருந்து அவருடைய அம்மா ஒரு மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்தார். மாப்பிள்ளையின் அத்தை பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, பையனுக்கு வீடு இருக்கிறது, தென்னந்தோப்பு இருக்கிறது, அரசாங்க உத்தியோகம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். அக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க, அவருக்கு என்னென்ன இல்லீங்க?" என்றார்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த அத்தை பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அவர்கள் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துப் போன பிறகு, மீந்த பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டு நானும் அக்காவும் சிரித்தோம். அவருடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

கல்லூரியில் அவருக்கென்று ஒரு தகரக் கூரை அறை இருந்தது. ஆராய்ச்சியெல்லாம் அங்கேதான். பெரிய கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே இருக்கிற காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டு, துளி வெள்ளிக் கம்பியைச் சூடாக்கி ஆவியாக்குவார். அந்த ஆவி மேலே வைத்திருக்கிற கண்ணாடிச் சில்லில் போய்ப் படியும். கண்ணுக்கே பிடிபடாத மெல்லிய பூச்சு. அதில் மின்சாரம் எப்படிப் போகிறது என்று அளந்து அளந்து நோட்டில் எழுதுவார். பம்பு எருமை மாதிரி முக்கும். பாதியில் கரண்ட் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஒரு சில்லைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். ஊதாவும் நீலமும் கலந்த நிறத்தில் இருந்தது.

"இது வெள்ளியாங்க்கா?"

"வெள்ளியேதான். ரொம்பப் பொடிசாயிட்டா வெள்ளி வெள்ளையா இருக்கறதில்ல, கண்ணு. இதுல தீவு தீவா ஒக்காந்திருக்குது. ஒண்ண ஒண்ணு தொடவே இல்ல. ஆனாலும் கரண்ட்டு தாண்டிப் போயிருது. எப்படிப் போகுதுன்னு மத்தவங்க பாக்கறாங்க. எந்த எடத்துல போகலன்னு நான் பாத்துட்டிருக்கறேன்."

இன்றைக்கு அதற்கெல்லாம் நானோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பெயர் கிடையாது. டீச்சரோட பூச்சு வேலை என்பார் கல்லூரி முதல்வர்.

மாரிமுத்து காலனிக்கு வந்தது அடுத்த பனிக்காலத்தில். நாற்பத்தைந்து வயது இருக்கும். மனைவி, செல்வி என்று ஒரு மகள். கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, முகாமில் சில மாதம் இருந்து, பிறகு இங்கே அனுப்பப்பட்டவர்கள். தோட்டத்தில் வேலைக்குச் சேர டாக்டரின் சான்று வேண்டும். அதற்காக என் முன்னால் வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்த நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன்.

மனிதர் நீலமாக இருந்தார். உவமைக்குச் சொல்லவில்லை. நெற்றி, கன்னம், காது, புறங்கை எல்லாம் மழைமேகத்தின் சாம்பல் நீலம். நகக்கண்கூட நீலம்.

"பயப்படாதீங்க தாயி," என்றார். "ஒட்டாது. எம் பொஞ்சாதிக்கு ஒட்டல."

எங்கள் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மெட்ராஸில் படித்த இளம் வயதுக்காரர், நல்லவர். நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். இரைச்சல் எதுவும் இல்லை. ஆனாலும் உடம்பு நீலமானால் ரத்தத்தில் காற்று போதவில்லை என்றுதான் பாடம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருக்கலாம், பாரம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டும்வரை சான்று தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

மேடும் பள்ளமுமாக இருக்கிற ஊரில் மேடு ஏறாமல் எப்படி வாழ்வது? மாரிமுத்து லயம் என்கிற வரிசை வீட்டின் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார். சிலோன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவதில், அதாவது தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி விடுவதில், அவரை மிஞ்ச ஆள் கிடையாதாம். இங்கே தண்ணீர்க் குடத்தைத் தொட்டாலே மனைவி பிடுங்கிக்கொள்வார். குழாயடியில் அவருடைய குடம் வந்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். செல்விக்கு வந்த வரன் ஒன்று, அப்பாவைப் பார்த்த பிறகு திரும்பி வரவில்லை. சான்று இல்லாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. வேலையில் பெயர் இல்லாதவரைத் தோட்டத்து வீட்டில் எத்தனை நாள் இருக்க விடுவார்களோ என்று அந்த அம்மா தினமும் என்னிடம் வந்து கேட்பார்.

"எனக்கு எத்தன மாசம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க தாயி," என்று ஒரு நாள் மாரிமுத்து கேட்டார். "அதுக்குள்ள புள்ளைக்கு ஒரு வழி பண்ணிப்புடுறேன்."

அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"எங்க நீலமா இல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மனுசன் சாகப் போறாருங்க்கா. இது பூஞ்சணம் இல்லீங்க."

அவர் கரண்டியை வைத்தார். முகம் சுருங்கிப் போயிற்று. "தப்பாக் கேட்டனா?" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா, பாத்தியா?" என்றார்.

நான் பார்த்திருக்கவில்லை. டாக்டர் சட்டைக்கு மேலேயே நெஞ்சைச் சோதித்தார். காலனிக் குளிரில் மாரிமுத்து ஸ்வெட்டரையும் மஃப்ளரையும் கழற்றி நான் பார்த்ததே இல்லை. ஐந்து வருஷ நர்ஸ். முகத்தைப் பார்த்ததோடு நின்றுவிட்டேன்.

மறுநாள் லயத்துக்குப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். வயிறும் முதுகும் நம்மைப் போல மாநிறம். அக்குளில் நீலம் இல்லை. உள்ளங்காலில் இல்லை. இடது மணிக்கட்டில் கோயிலில் போட்டுவிட்ட பித்தளைக் காப்பு. அதை மேலே தள்ளினேன். அடியில் சுத்தமான பழுப்பு வளையம்.

அக்காவிடம் சொன்னபோது அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"வெயில் படாத எடத்துல இல்ல."

"ஆமாங்க."

"ரத்தத்துல கொறையிருந்தா அது காப்புக்கு அடியில விட்டுட்டு மேல மட்டும் வருமா?" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போய் ஒரு சில்லோடு வந்தார். அதில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடியிருந்தார். தாளை எடுத்தார். மூடிய பாதி வெள்ளையாகவும் மூடாத பாதி கருநீலமாகவும் இருந்தது. "இது வெள்ளி உப்பு. ஜன்னல்ல மறந்து வெச்சுட்டேன். ஞாயித்துக்கெழம நானும் உங்கூட வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். லயத்தில் அவர்கள் கொடுத்த, பால் விடாத சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு அக்கா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"வெள்ளி வேல ஏதாச்சும் பாத்தீங்களா, அங்க?"

"நமக்கு ஏதும்மா வெள்ளியும் தங்கமும்? கவ்வாத்துக் கத்திதான்."

"மருந்து?"

"மருந்தே தின்னதில்ல," என்றார் மாரிமுத்து.

மனைவி குறுக்கிட்டார். "மூக்குக்கு ஊத்துறது?"

"அது மருந்தா? அது சொட்டு."

சின்ன வயசிலிருந்தே அவருக்கு மூக்கடைப்பு. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா ஒரு பழுப்புச் சொட்டு கொடுத்தார். ஒரு வாரத்துக்கு என்றுதான் கொடுத்தார். இவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், பதினாறு வருஷமாகத் தினம் மூன்று வேளை ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஊரை விட்டு வரும்போது எங்கே இங்கே கிடைக்காதோ என்று ஒன்பது பாட்டில் வாங்கி, புடவைக்குள் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பாட்டில் பாக்கி இருந்தது. காலையில்கூட ஊற்றியிருந்தார்.

அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அதைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கல்லூரி ரசாயன அறையில் அந்தச் சொட்டைச் சுட்டுச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, உப்புத் தண்ணீர் விட்டார்கள். தயிர் திரிந்தாற்போல வெள்ளையாகத் திரண்டு வந்தது. அதை ஜன்னலில் வைத்துவிட்டு இரண்டு பேரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மேகம் விலகி வெயில் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது ஊதாவாகி, பிறகு கறுத்தது. அக்கா என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "அவரு மேல பூச்சு ஏறியிருக்குது புள்ள! வேற ஒண்ணுமில்ல!" என்று கத்திவிட்டார். வராந்தாவில் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரிடம் சொல்லும்போது மட்டும் குரலை இறக்கிக்கொண்டார்.

"நீங்க பிசிக்ஸ் டீச்சர்தானே?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க. வியாதியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க. பாட்டில்ல என்ன இருக்குதுன்னு மட்டும் சொல்றேன். ஆளுக்குள்ள என்ன இருக்குதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

 டாக்டர் மாரிமுத்துவைக் கூப்பிட்டு, நெற்றியில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து விட்டார். ரத்தக் குறையால் வந்த நீலமாக இருந்தால் அழுத்திய இடம் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. "இதை நான் மொத நாளே செஞ்சிருக்கணும்," என்று எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். கோயம்புத்தூருக்கு அனுப்பி இதயத்தைச் சோதிக்கவும், தோலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கவும் அவரே கடிதம் எழுதினார். சொட்டை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார்.

இந்த இடத்தில் அக்கா ஒரு தப்புச் செய்தார். சந்தோஷத்தில் மாரிமுத்துவிடம், "கவலப்படாதீங்க, போட்டோ கழுவறவங்க வெள்ளியக் கரைக்க ஒரு உப்பு வெச்சிருக்காங்க. அது மாதிரி எதையாச்சும் வெச்சு நெறத்த எடுத்துரலாம்," என்று சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் அதைப் பிடித்துக்கொண்டது. செல்வி பழைய வரனுக்குக் கடிதம் எழுதலாமா என்றுகூடக் கேட்டாள்.

அந்த வாரமே அக்கா அந்தப் போட்டோ உப்பைக் கரைத்து, பாதி கறுத்த அந்தச் சில்லில் ஊற்றிப் பார்த்தார். வெயில் படாத வெள்ளைப் பாதி கரைந்து போயிற்று. கறுத்த பாதி அப்படியே இருந்தது. திரும்பத் திரும்ப ஊற்றினார். கறுத்தது கரையவில்லை. டாக்டரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏறின நிறம் ஏறினதுதான், இனிமேல் கூடாது, அவ்வளவுதான் என்றார். அன்றைக்கு அக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டார். "பாக்காம சொல்லிட்டேன். ஒரு மனுசங்கிட்டப் போயி பாக்காம சொல்லிட்டேன்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. தோல் துணுக்கில் கறுப்புப் பொடி மணிகள், அது வெள்ளி. இதயத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டரும் நாங்களும் சேர்ந்து லயத்துக்குப் போனோம். டாக்டர் பேச வாயெடுத்தார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேனுங்க. வேணும்னு சொல்லல. இந்த நெறம் போகாதுங்க. எப்பவுமே போகாது."

செல்வி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாரிமுத்து அக்காவைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார்.

"நெஞ்சுல ஓட்ட?"

"இல்ல," என்றார் டாக்டர்.

"மேடு ஏறலாமா?"

"தாராளமா ஏறலாம்."

"சாவு?"

"எல்லாருக்கும் வர்றப்ப வரும்."

"அப்ப நெறம் கெடக்குதும்மா!" என்று எழுந்தார். மூலையில் இருந்த இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டார். குழாய் பள்ளத்தில் இருக்கிறது. எழுபது படி இறங்க வேண்டும். இறங்கி ஓடினார். மனைவி "ஏங்க, ஏங்க!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். நிரப்பிய குடத்தைத் தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு, எங்கும் நிற்காமல் ஏறி வந்தார். லயத்து ஜனம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. மேலே வந்து குடத்தை இறக்கிவைத்து, "பாத்துக்கிடுங்க! மூச்சு வாங்குதா? வாங்குதா?" என்று ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் போய்க் கேட்டார். உண்மையில் நன்றாகவே வாங்கியது. யாரும் சொல்லவில்லை. அக்கா அழுதுகொண்டே கைதட்டினார். டாக்டர் மாரிமுத்துவின் பெஞ்சிலேயே உட்கார்ந்து சான்றில் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷக் கவ்வாத்தில் மாரிமுத்து வெட்டிய வரிசையைப் பார்ப்பதற்கென்றே மற்ற தோட்டத்துக்காரர்கள் வந்தார்கள். குழாயடியில் குடங்கள் மறுபடி ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. செல்விக்கு அரவேணுவிலிருந்து ஒரு பையன் வந்தான், லாரி மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாமனாரைப் பார்த்து, "என்ன பெயின்ட்டுங்க மாமா, இவ்வளவு கெட்டியா நிக்குது?" என்று கேட்டானாம். மாரிமுத்து அந்த நிமிஷமே தேதி குறிக்கச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தில் அக்காவை மணமேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். போட்டோவும் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து மாரிமுத்து அந்தப் போட்டோவோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். முகம் வாடியிருந்தது.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

கறுப்பு வெள்ளைப் படம். சம்பந்திக்குப் பக்கத்தில், எல்லாரையும் போல ஒரு சாம்பல் முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். "இந்தா, நல்லாத்தான் இருக்கறீங்க," என்றேன்.

"நல்லாத்தான் இருக்கேன். ஆனா யாரோ மாதிரியில்ல இருக்கேன்? நாளைக்குப் பேரப்புள்ளைங்க பாத்தா தாத்தா எதுன்னு எப்படித் தெரியும்?"

அக்கா சிரிக்க ஆரம்பித்து, முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். போட்டோவுக்குக் கையால் வண்ணம் போட்டுக் கொடுக்கிற ஒரு ஸ்டுடியோ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பெயின்டர் கல்யாணப் புடவைக்குச் சிவப்பும் மாலைக்கு மஞ்சளும் போட்டுவிட்டு, மாரிமுத்துவுக்குக் காலண்டர் கிருஷ்ணரின் நீலத்தைக் குழைத்தார்.

"அது சாமிக்குங்க," என்றார் அக்கா. "இவருக்கு வேற."

மாரிமுத்துவை ஜன்னல் ஓரம் ஸ்டூலில் உட்காரவைத்து, அவருடைய புறங்கையை நீட்டச் சொன்னார். பெயின்டர் கொஞ்சம் கறுப்புச் சேர்த்து அதன்மேல் ஒரு தீற்று தீற்றினார். தனியாகத் தெரிந்தது. கொஞ்சம் வெள்ளை சேர்த்தார். இன்னும் தெரிந்தது. அரை மணி நேரத்தில் கை முழுக்கப் பூனைக்குட்டி நடந்தாற்போல வண்ணப் புள்ளிகள். கடைசியாக ஒரு தீற்றுத் தீற்றியபோது, அது எங்கே விழுந்தது என்று எங்கள் மூன்று பேராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இதுதாங்க," என்றார் அக்கா.

பெயின்டர் படத்தின் மேல் குனிந்துகொண்டு, சின்னத் தூரிகையால் அந்த முகத்துக்கு நிறம் ஏற்றினார். மாரிமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காது வரைக்கும் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆங்," என்றார். "வந்துட்டேன்."